அளந்ததை அச்சுக்குத் தராத காஸ்

கணிதம் படித்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில், 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கணித மேதை காஸ் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் இந்த வருத்தத்தைச் சொல்லாமல் விடமாட்டார். அவ்வளவு பெரிய மூளை, நாற்பது வயதுக்கு மேல், கோணம் அளக்கும் தியோடலைட் கருவியைத் தூக்கிக்கொண்டு ஹனோவர் நாட்டு மேடுகளில் ஏறி நிலம் அளந்துகொண்டிருந்ததே, அந்த வருடங்களில் எத்தனை தேற்றங்கள் கைநழுவிப் போயிருக்கும் என்பார். சுற்றி இருப்பவர்களும் ஆமாம் போடுவார்கள். எனக்கு இந்தப் பேச்சு எப்போதுமே ஒட்டியதில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியாமல் இருந்தது. அந்தக் காலத்து வானியலாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தபின் ஒன்று புரிந்தது. இழப்பு உண்மைதான். ஆனால் நாம் அதைத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கடிதங்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர். கோட்டிங்கனில் காஸ். ஹம்பர்க்கை ஒட்டி, அன்று டென்மார்க் அரசரின் ஆளுகையில் இருந்த ஆல்டோனாவில் ஷூமாக்கர். கிழக்கே கோனிக்ஸ்பெர்க்கில் பெசல். காஸும் ஷூமாக்கரும் 1808-இல் எழுதத் தொடங்கி, 1850-இல் ஷூமாக்கர் இறக்கும்வரை நிறுத்தவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள். ஷூமாக்கர் கோட்டிங்கனில் காஸிடம் பாடம் கேட்டவர். வயதில் 3 வருடம்தான் சிறியவர் என்றாலும், நாற்பது வருடமும் அந்தக் கடிதங்களில் ஒரு மாணவரின் பணிவு இருக்கிறது. பெசல் வேறு மாதிரி ஆள். பிரேமனில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கராக இருந்து, ராத்திரிகளில் தானே வானியல் படித்து, மருத்துவரும் வானியலாளருமான ஓல்பர்ஸின் கண்ணில் பட்டு மேலே வந்தவர். காஸிடம் அவருக்கு மரியாதை நிறைய உண்டு, பயம் கிடையாது. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகிறது.

கண்ணாடிச் சில்லில் பட்ட வெயில்

நில அளவை காஸைத் தேடி வந்ததும் ஒரு கடிதத்தில்தான். 1816-இல் ஷூமாக்கர் எழுதுகிறார்: ஜட்லாந்தின் வட நுனியான ஸ்காகனில் தொடங்கி எல்பே நதிக்கரையில் இருக்கும் லாவன்புர்க் வரை முக்கோணங்களால் அளக்க டேனிஷ் அரசர் பணம் தருகிறார், இந்தச் சங்கிலியை நீங்கள் ஹனோவர் வழியாகத் தெற்கே கொண்டுபோவீர்களா? காஸ் உற்சாகமாகப் பதில் எழுதினார். அதே பதிலில் வேறொரு விஷயமும் இருந்தது: ஒரு வளைபரப்பை இன்னொரு பரப்பின் மேல், மிகச் சிறிய துண்டுகள் உருவம் மாறாமல் இருக்கும்படி எப்படிப் படம்பிடிப்பது என்ற கேள்வியைப் பரிசுப் போட்டிக்கு வைக்கலாமே என்ற யோசனை. சில வருடம் கழித்து கோபன்ஹேகன் அகாதமி அதையே போட்டிக்கு வைத்தது. 1822-இல் காஸே விடை எழுதி அனுப்பிப் பரிசும் பெற்றார். ஷூமாக்கர் அதை 1825-இல் தன் வெளியீட்டு வரிசையில் அச்சிட்டார். இன்று வரைபடம் போடுகிற யாரும் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. நிலம் அளக்கப் போனதால் கணிதம் போச்சு என்பவர்கள் இந்த ஒரு கடிதத்தைப் படித்தாலே போதும்.

களவேலை 1821 முதல் 1825 வரை. லூனபுர்க் பக்கத்து ஹீத் எனப்படும் புதர்வெளி தட்டையானது, இடையிடையே காடு. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு தெரியவேண்டுமென்றால் நடுவில் மரங்களை வெட்டி ஒரு நேர் சந்து திறக்கவேண்டும். எந்த மரத்தை வெட்டுவது என்பதைக் கணக்கு போட்டு முடிவு செய்யவேண்டும், தப்பாக வெட்டினால் வேலையும் வீண், மரமும் வீண். கோடை வெயில், தங்க ஒழுங்கான இடம் இல்லாத சின்ன ஊர்கள், மேகம் விலகக் காத்துக் கிடக்கும் நாட்கள். எல்லாம் கடிதங்களில் இருக்கிறது.

அதற்கு முன்பே, 1818-இல், லூனபுர்க் கோபுரத்தில் கோணம் அளந்துகொண்டிருந்தபோது ஒன்று நடந்தது. தூரத்தில் ஹம்பர்க்கின் மிகாயேல் தேவாலயக் கோபுரம். அதன் ஒரு ஜன்னல் கண்ணாடியில் சூரியன் பட்டு, அந்த வெளிச்சம் நேராகத் தொலைநோக்கிக்குள் வந்து விழுந்தது. வேறொருவர் கண் கூசுகிறது என்று நகர்ந்திருப்பார். எதிர்மேட்டில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, வெயிலை வேண்டுமென்றே என் பக்கம் திருப்பிவிட்டால் என்ன என்று காஸ் யோசித்தார். ஹீலியோட்ரோப் கருவி அப்படிப் பிறந்தது. கையகலக் கண்ணாடிதான். ஆனால் அதன் ஒளி நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒரு நட்சத்திரம் மாதிரி கூர்மையாகத் தெரிந்தது. ப்ரோக்கன், ஹோஹர் ஹாகன், இன்செல்ஸ்பெர்க் என்ற மூன்று மலைகளுக்கு இடையே அவர் கட்டிய முக்கோணத்தின் நீளமான பக்கம் 100 கிலோமீட்டருக்கும் மேல். பூமி வளைந்திருப்பதால் அதன் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 டிகிரியைவிடச் சுமார் 14.85 விகலை (ஒரு டிகிரியில் 3,600 விகலை) கூடுதலாக வரவேண்டும். வளைபரப்புகள் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுரையை முடிக்கும்போது காஸ் இந்த எண்ணை எடுத்துக்காட்டாக வைக்கிறார். மேட்டில் நின்று அளந்த கோணங்கள் அப்படியே கணிதத்தின் பக்கத்துக்குள் நுழைகின்றன.

பெசலின் முதல் குறை

பெசலுக்கு இதெல்லாம் திருப்தியாக இல்லை. இப்படிப்பட்ட வேலையை வேறு யாராவது செய்யலாம், நீங்கள் நேரத்தை இதில் போடுகிறீர்களே என்று வருத்தப்பட்டார். 1824-இல் காஸ் அதற்கு எழுதிய பதிலில் ஒரு வரி பிரபலமானது: நிரந்தர உண்மைகளின் அறிவை நிஜமாகவே முன்னே கொண்டுபோகும் ஒரு தேற்றத்துக்கு, உலகத்திலுள்ள அளவீடுகள் எல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாது என்கிறார். நிலஅளவை வீண் என்பவர்களுக்கு இது பெரிய ஆயுதம், காஸே ஒப்புக்கொண்டுவிட்டாரே என்பார்கள். அடுத்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்த மதிப்பு முழுமையான மதிப்பு, நாம் பார்க்கவேண்டியது ஒப்புநோக்கிய மதிப்பை என்று காஸ் தொடர்கிறார். தன் முக்கோணங்கள் ஹாலந்தில் கிரேயன்ஹாஃப் அளந்த முக்கோணங்களோடு இணையும், அவற்றின் வழியாகப் பிரெஞ்சு, ஆங்கில அளவைகளோடும் இணையும், அந்த இணைப்புக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்கிறார்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தனியாக நிற்கிற ஒரு தேற்றம் தன்னளவில் முழுசு. தனியாக நிற்கிற ஒரு முக்கோணம் முழுசு இல்லை, பக்கத்து நாட்டு முக்கோணத்தோடு சேரும்போதுதான் அது பூமியின் அளவைப் பற்றி எதையாவது சொல்லும். அப்படியானால் அளப்பவர் ஒரு கடமையைத் தலையில் எடுத்துக்கொள்கிறார். தான் அளந்ததை இன்னொருவர் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்படி வெளியே வைக்கவேண்டும். அளவீட்டின் மதிப்பு இணைப்பில் இருக்கிறது என்று சொன்னவரே இந்தக் கடமையில்தான் பின்வாங்கினார் என்பது என் கருத்து.

கடிதமே கட்டுரையான பத்திரிகை

வெளியே வைக்க இடம் இல்லை என்று சொல்லவும் முடியாது. 1821-இல் ஷூமாக்கர் ஆல்டோனாவில் 'அஸ்ட்ரோனோமிஷே நாஹ்ரிஷ்டன்' என்ற வானியல் இதழைத் தொடங்கினார். டேனிஷ் அரசரின் ஆதரவு இருந்தது. அந்த இதழ் இன்றும் வருகிறது. பழைய தொகுதிகளைப் புரட்டிப் பார்த்தால் அதன் நடை உடனே தெரியும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்தியாக இருக்கும், எண் பக்கத்துக்கு இல்லாமல் பத்திக்குப் போட்டிருக்கும். பல கட்டுரைகளுக்குத் தலைப்பே 'இன்னார் பதிப்பாசிரியருக்கு எழுதிய கடிதம்' என்பதுதான். ஊர்ப்பெயர், தேதி, அப்புறம் நேராக விஷயம். தபாலில் வந்த கடிதம், ஷூமாக்கரின் மேசையைக் கடந்து, பல சமயம் சில வாரங்களிலேயே ஐரோப்பா முழுவதற்கும் போகிற தாளாகிவிடும். 1838-இல் பெசல் 61 சிக்னி என்ற விண்மீனின் தூரத்தை முதன்முதலாக நம்பத்தகுந்த முறையில் அளந்து அறிவித்ததும் இந்த இதழில்தான்.

பதிப்பாசிரியராக ஷூமாக்கர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு 1827-இல் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து யகோபி என்ற 22 வயது இளைஞர் நீள்வளையச் சார்புகள் பற்றிச் சில முடிவுகளை ஜூனிலும் ஆகஸ்டிலும் கடிதமாக அனுப்பினார். நிரூபணம் இல்லை. விஷயமும் வானியல் இல்லை. ஷூமாக்கர் காஸிடம் கேட்டார். இதெல்லாம் தனக்கு முன்பே தெரிந்ததுதான் என்று காஸ் பதில் போட்டார். இருந்தும் ஷூமாக்கர் செப்டம்பரில் அச்சிட்டார், நிரூபணம் அனுப்பச் சொல்லி யகோபியை விடாமல் கேட்டார், அது வந்ததும் அதையும் போட்டார். நார்வேயில் அதைப் படித்துப் பதறிய ஆபெல் என்ற இளம் கணிதர், அதே துறையில் தன் பதிலை 1828-இல் அதே இதழுக்கு அனுப்பினார். அடுத்த ஏப்ரலில் ஆபெல் இறந்துவிட்டார். ஷூமாக்கர் காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் அறிந்த ஒருவர் கோட்டிங்கனில் சும்மா இருந்தார். அரைகுறையாக அறிந்த இருவர் அச்சில் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடி, ஒரு பெரிய துறையையே திறந்துவிட்டார்கள்.

காஸின் முத்திரையில் 'கொஞ்சம், ஆனால் கனிந்தது' என்று பொருள்படும் லத்தீன் வாசகம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். கட்டடம் முடிந்தபின் சாரத்தை யாரும் பார்க்கக்கூடாது என்பது அவர் கொள்கை. தேற்றங்களுக்கு அது பொருந்தலாம். நில அளவைக்கு அது பொருந்தவே பொருந்தாது. அங்கே சாரம்தான் சரக்கு. எந்தக் கோபுரத்திலிருந்து எந்தக் கோணத்தை எத்தனை முறை எடுத்தார்கள், எவ்வளவு முரண் வந்தது என்பதெல்லாம் இல்லாமல் அடுத்தவர் எதையும் சரிபார்க்க முடியாது. கோட்டிங்கனுக்கும் ஆல்டோனாவுக்கும் இடையே உள்ள அட்சரேகை வித்தியாசத்தை, இங்கிலாந்திலிருந்து கடன் வாங்கிய ராம்ஸ்டன் கருவியால் அளந்து 1828-இல் ஒரு சிறு நூலாகப் போட்டார் காஸ். நல்ல நூல். ஆனால் அந்த வருடம் தொடங்கி 1844 வரை, ராணுவ அதிகாரிகளும் அவர் மகன் யோசெஃபும் களத்தில் அளக்க, காஸ் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடித்த ஹனோவர் நாட்டு முழு அளவை, ஒரு நூலாக அவர் காலத்தில் வெளிவரவே இல்லை.

பெசலின் இரண்டாவது குறை

இதற்கிடையில் பெசலே நிலம் அளக்க இறங்கிவிட்டார். 1831 முதல் 1836 வரை, பேயர் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரியோடு சேர்ந்து, மேமல் வரை நீளும் ஒரு சங்கிலியைக் கிழக்கு பிரஷ்யாவில் அளந்தார். ஒரு பக்கம் பிரஷ்யாவின் முக்கோணங்கள், இன்னொரு பக்கம் ரஷ்யாவின் முக்கோணங்கள், நடுவில் இவர்கள். 1824-இல் இந்த வேலை காஸுக்கு எதற்கு என்று கேட்டவர், அடுத்த பத்து வருடத்துக்குள் தானே கோபுரம் ஏறிக் கோணம் எடுத்தார். 1838-இல் அத்தனையையும் புத்தகமாகப் போட்டார்கள்: அடிக்கோட்டை அளந்த விதம், கருவிகளின் பிழைகள், ஒவ்வொரு நிலையத்திலும் எடுத்த கோணங்கள், அளவீட்டுப் பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் குறைந்தபட்சமாக்கும் காஸின் குறைந்த வர்க்க முறையால் மொத்த வலையையும் ஒரே கணக்காகச் சமன்செய்த விதம். வலையமைப்பை எப்படிக் கணக்கிட்டு எப்படி வெளியிடுவது என்பதற்கு ஜெர்மனியில் ரொம்ப காலம் இந்தப் புத்தகம்தான் முன்மாதிரி.

அந்தப் புத்தகத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த 1837 மே மாதத்தில் பெசல் காஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். எனக்கு இந்த மொத்தக் கடிதக் குவியலில் மிக முக்கியமானது இதுதான். நீங்கள் கண்டுபிடித்ததில் ஒரு பங்கையாவது காலத்தோடு சொல்லி இன்றைய அறிவை முன்னே தள்ளும் கடமை உங்களுக்கு இருப்பதாக நீங்கள் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை, பின்னால் வரப்போகிறவர்களுக்காகவே வாழ்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பணிவான ஷூமாக்கர் நாற்பது வருடத்தில் இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருக்க மாட்டார். 1824-இல் பெசலுக்கு இருந்த குறை, காஸ் ஏன் அளக்கிறார் என்பது. 1837-இல் அந்தக் குறை காஸ் ஏன் சொல்லமாட்டேன் என்கிறார் என்று மாறிவிட்டது. நடுவில் நடந்தது பெசலின் சொந்தக் களவேலை. தானே அளந்து பார்த்தவருக்குத்தான் அளப்பது நேரவிரயம் இல்லை என்பதும், அளந்ததைப் பெட்டியில் வைப்பதே விரயம் என்பதும் தெரிந்தது என்று நான் நினைக்கிறேன்.

காஸ் 1839-இல்தான் பதில் எழுதினார். தனக்கு நேரம் வேண்டும், நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் வேண்டும் என்றார். நான் இதைச் சாக்கு என்று சொல்லமாட்டேன். பாடம் நடத்துவது, வீட்டுத் தொல்லைகள், உடல்நிலை, முடிவில்லாத கணக்கு எல்லாம் அவருக்கு இருந்தன. ஆனாலும் இதே பதிலை நான் வேறொருவர் வாயிலும் கேட்டிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் பிரிவில் ஒரு மூத்தவர் இருந்தார். சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தை, மழைக்கு முன்னும் பின்னும், வருடக்கணக்காகத் தானே போய் எடுத்து நீளவாக்கு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். நாடாவின் முனையில் சுண்ணாம்பு தடவி இறக்கி, ஈரம் பட்ட கோட்டை வெயிலில் பிடித்துப் படிப்பார். ஒரே கிணற்றில் மூன்று தடவை. "சார், இதை ஒரு கட்டுரையா போடலாமே, நான் வேணும்னா டைப் பண்ணித் தர்றேன்" என்று கேட்டால், "இன்னும் ரெண்டு மழை பார்த்துடுவோம்பா, அப்புறம் போடலாம். அரைகுறையா எதுக்கு?" என்பார். அவர் ஓய்வு பெற்றார், அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது, நோட்டுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு கவனமாக அளந்தவர். அந்தக் கவனம்தான் வெளியிட விடாமல் அவரைப் பிடித்து வைத்தது.

வெளியிட்ட அளவீடு என்ன செய்யும் என்பதற்குப் பெசலின் 1841-ஆம் வருடக் கணக்கையே காட்டலாம். பிரெஞ்சு அளவையில் ஒரு கணக்குப் பிழை இருப்பதை 1836-இல் பியூசான் என்ற பிரெஞ்சுக் கணிதர் கண்டுபிடித்தார். அசல் எண்கள் அச்சில் இருந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அதைத் திருத்தி, உலகத்தில் அதுவரை அளந்த பத்து வளைவுகளை (வடக்கு தெற்காக நீளும் முக்கோணச் சங்கிலிகளை) சேர்த்துப் பூமியின் உருவத்தை மறுபடி கணக்கிட்டு, ஷூமாக்கரின் இதழில் போட்டார் பெசல். பூமத்தியரேகையில் பூமியின் ஆரம் 6,377,397 மீட்டர். ஜப்பானும் ஜெர்மனியும் 20-ஆம் நூற்றாண்டு முழுக்க அந்த எண்ணை வைத்துத்தான் வரைபடம் போட்டன. காஸின் ஹனோவர் வளைவும் ஷூமாக்கரின் டேனிஷ் வளைவும் அந்தப் பத்தில் இருக்கின்றன. இரண்டு இந்திய வளைவுகளும் இருக்கின்றன. ஒன்று, இந்தியாவில் நிலம் அளந்த ஆங்கில ராணுவ அதிகாரி லாம்டன் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து சென்னைக்கு வடக்கே வரை அளந்தது. மற்றது குமரிமுனைப் பக்கத்தில் தொடங்கி வடக்கே நீள்வது. பெசல் இந்தியாவைப் பார்த்ததில்லை, லாம்டன் 1823-லேயே இறந்துவிட்டார். ஆனால் லாம்டன் தன் அளவீடுகளைக் கல்கத்தாவில் 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' தொகுதிகளில் அச்சிட்டு வைத்திருந்தார். அதனால் நம் ஊர்க் கோணங்கள் கோனிக்ஸ்பெர்க் கணக்கில் ஏறின.

காஸின் பெட்டியில் கிடந்தது சாதாரணச் சரக்கும் இல்லை. ஹனோவர் அளவைக்காக அவர் உருவாக்கிப் பயன்படுத்திய, வளைந்த பூமியைத் தட்டையான தாளில் காட்டும் படவீச்சு முறையை, அவர் இறந்து 11 வருடம் கழித்து, 1866-இல் ஷ்ரைபர் என்ற அதிகாரி ஒரு நூலாக எழுதினார். பிறகு 1912-இல் க்ரூகர் அதை விரிவாக்கினார். இன்று இந்திய சர்வே துறையின் பொதுப் பயன்பாட்டு வரைபடங்கள் உட்பட உலகமெங்கும் புழங்கும் யுடிஎம் என்ற வரைபட முறை அந்த வழியில் வந்ததுதான். ஹனோவர் அளவையின் தாள்கள் அவருடைய தொகைநூலின் 9-ஆம் தொகுதியில் விரிவாக வந்தபோது வருடம் 1903. அதற்குள் பிரஷ்யா அந்த நிலத்தை மறுபடி அளந்து முடித்திருந்தது.

கடிதங்கள் முந்திக்கொண்டன. ஷூமாக்கருக்குப் பின் இதழை நடத்திய பீட்டர்ஸ், 1860 முதல் 1865 வரை, காஸ்-ஷூமாக்கர் கடிதங்களை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். யூக்ளிடின் இணைகோட்டு விதி பொருந்தாத, யூக்ளிடுக்கு அப்பாற்பட்ட வடிவியலைப் பற்றி காஸ் அச்சில் வாய் திறந்ததே இல்லை. மந்தபுத்திக்காரர்கள் கூச்சல் போடுவார்கள் என்று பெசலுக்கு 1829-இல் எழுதியிருந்தார். ஆனால் 1846-இல் ஷூமாக்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த வடிவியலை அச்சில் வெளியிட்ட ரஷ்யக் கணிதர் லொபசெவ்ஸ்கியின் நூலை மனந்திறந்து புகழ்ந்திருக்கிறார். அந்தப் புகழ்ச்சி அச்சில் வந்தபின்தான் ஐரோப்பா அந்தப் பெயரைத் திரும்பிப் பார்த்தது. 1866-இல் ஊவெல் அந்த நூலைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். லொபசெவ்ஸ்கி 1856-லேயே இறந்துவிட்டார். அதே வடிவியலைத் தனியாகக் கண்டுபிடித்த யானோஷ் போயாய், கடிதங்களின் முதல் தொகுதி வந்த 1860-இன் ஜனவரியில் இறந்தார்.